நின்றால் மட்டும் ஓடிய நாடி

எண்பதுகளின் நடுவில், பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஒரு முஸ்லிம் பாயின் கமிஷன் மண்டியில் ஏலம் கூவிக்கொண்டிருந்தேன்.

விடிந்ததும் டிராக்டரிலும் பஸ் கூரை மேலும் கூடை கூடையாகத் தக்காளி வந்து இறங்கும். நான் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நிற்பேன். சுற்றிலும் வியாபாரிகள். ஒருத்தர் தமிழில் கேட்பார், ஒருத்தர் கன்னடத்தில் கேட்பார், இன்னொருத்தர் வாயே திறக்காமல் விரலை மட்டும் காட்டுவார். அத்தனையையும் கண்ணில் வாங்கி, கடைசி விலையைப் பிடித்துக் கூவி, மூச்சு விடாமல் அடுத்த கூடைக்குத் தாவ வேண்டும். எனக்கு அதில் அப்படி ஒரு குஷி. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால்கூட வாய் சும்மா இருக்காது.

அந்த வருஷம்தான் பொம்மிடிப் பக்கம் ஒரு பெண்ணை நிச்சயம் செய்திருந்தார்கள். தை மாதம் கல்யாணம். அதற்குள் ஐப்பசி மழையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. லேசில் விடவில்லை. மூன்று வாரத்துக்கு மேல் பாயோடு பாயாகக் கிடந்தேன். காய்ச்சல் இறங்கி, பசி எடுத்து, அம்மா ஆக்கிப்போட்ட களியையும் கீரைக் கடைசலையும் தின்று தேறிவிட்டேன் என்று நினைத்துத்தான் மண்டிக்குத் திரும்பினேன்.

பெட்டி மேல் ஏறிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. ஒரு மைல் ஓடிவந்து நின்றவனுக்கு அடிக்குமே, அப்படி. எதிரே இருந்தவர்கள் முகமெல்லாம் மங்கி, சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. இறங்கி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. காய்ச்சல் அசதி என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அது விடவில்லை. அதைவிடப் பெரிய தொல்லை, எப்போது வரும் என்று சொல்ல முடியாதது. ஒரு நாள் காலை முழுக்க நின்று கூவுவேன், ஒன்றும் ஆகாது. மறுநாள் பல் விளக்கிக்கொண்டு நிற்கும்போதே கண் இருட்டும். சில நாள் வயிற்றைப் புரட்டும். சில நாள் தலை மட்டும் பஞ்சடைத்த மாதிரி இருக்கும். இப்போதுதான் கூவிய விலை மறந்துபோகும். ஏலத்தில் அது சின்ன விஷயமா? ஒரு தடவை ஒரே கூடைக்கு இரண்டு பேர் ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடித்துக்கொண்டார்கள்.

ஊரில் ஒரு டாக்டரிடம் போனேன். படுக்க வைத்து நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். நாடி பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, கல்யாண பயம் என்று சொல்லி டானிக் எழுதிக் கொடுத்தார். அவர் அறையில் படுத்திருந்தபோது எனக்கே எல்லாம் சரியாகத்தான் இருந்தது. டானிக்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்க்கெட்டில் பேச்சு கிளம்பியது. காலையிலேயே குடித்துவிட்டு வருகிறான் என்றார்கள் சிலர். காக்கா வலிப்பு, நிச்சயம் பண்ணிவிட்டு மறைக்கிறார்கள் என்றார்கள் சிலர். அம்மா என்னோடு சண்டை போடவில்லை, ஆனால் நான் வீட்டுக்குள் நுழையும்போது மெதுவாக மோந்து பார்ப்பார். அது சண்டையைவிட வலித்தது. பாய் நல்ல மனுஷர். அவரும் கடைசியில், "தம்பி, கொஞ்ச நாளைக்கு நீ உள்ள குந்திக்கிட்டு கூடைய எண்ணு. உடம்பு தேறட்டும்" என்று சொல்லிவிட்டார். என் பெட்டி மேல் வேறு ஒருத்தன் ஏறி நின்று கூவுவதை உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்கழியில் ஒரு நாள் தக்காளி குவிந்துவிட்டது. கூவுகிற ஆள் வரவில்லை. பாய் தவிப்பதைப் பார்த்து, "நானே ஏறுறேங்க" என்றேன். அவர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

ஏறினேன். தொண்டை திறந்தது. பழைய குஷி அப்படியே வந்தது. விலை ஏறுகிறது, ஆட்கள் நெருங்குகிறார்கள், நான் கூவுகிறேன். பத்துப் பதினைந்து கூடை போயிருக்கும். வெயில் முகத்தில் அடித்தது. நெஞ்சு பிய்த்துக்கொண்டு ஓடியது. பல்லைக் கடித்து நின்றேன். அவ்வளவுதான், பெட்டியிலிருந்து சரிந்துவிட்டேன்.

கீழே விழும்போது யாரோ தோளைப் பிடித்தது தெரிந்தது. "சாவிக்கொத்து குடுங்க, கையில இரும்பு குடுங்க" என்று ஒரு சத்தம். "தூக்கி குந்த வைங்கப்பா" என்று இன்னொரு சத்தம். அதற்கெல்லாம் மேலே அழுத்தமாக ஒரு குரல்:

"யாரும் உக்கார வெக்காதீங்க. படுக்க வுடுங்க. அந்தக் கூடைய இப்படித் தள்ளுங்க, காலைத் தூக்கி அது மேல வைங்க."

வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் வானம் தெளிவாகத் தெரிந்தது. குனிந்து என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவர் ஒட்ட வெட்டிய முடியும் முறுக்கிய மீசையுமாக இருந்தார். முப்பது வயது இருக்கும்.

"நான் பேசுனது கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க."

"கை கால் இழுக்கல, வாயில நுரை இல்ல, ஒடனே தெளிவாப் பேசுறீங்க. இது வலிப்பு மாதிரி இல்லையே" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு சுற்றி நின்றவர்களை அனுப்பிவிட்டு, சாக்கு மேல் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "நான் பொண்ணோட அண்ணன்" என்றார்.

எனக்குத் திரும்பவும் மயக்கம் வரும்போல் இருந்தது. பெண்ணுக்கு மிலிட்டரியில் ஒரு அண்ணன் உண்டு என்று தெரியும். நிச்சயத்துக்கு லீவு கிடைக்காததால் நான் அவரைப் பார்த்ததில்லை.

"மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. இந்த சம்பந்தம் வேணாம்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். மாப்பிள்ளைக்கு வலிப்புன்னு எங்க காதுக்கு வந்துச்சு. சொல்றதுக்கு முந்தி ஒருதரம் கண்ணால பாத்துறலாம்னு கூட்டத்துல நின்னேன். ஆனா எங்க பரேடுல பசங்க இப்படித்தான் வுழுவாங்க. வெயில்ல அசையாம நின்னா நல்ல பயில்வானும் வுழுவான். படுக்க வெச்சா எந்திரிச்சுக்குவான். அது எப்பவாச்சும் ஒருதரம். உங்களுக்கு என்ன அடிக்கடி? எப்பெப்ப வருது, எப்ப வரல, சொல்லுங்க."

அதுவரை யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை. படுத்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னேன். காலையில் எழுந்ததும் அதிகம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நின்றால் அதிகம். வெயில் நாளில் அதிகம். மண்டியில் கூட்டத்தை விட்டுப் போக முடியாது என்று தண்ணீர் குடிக்காமல் இருந்த நாட்களிலும் அதிகம். படுத்திருக்கும்போது வந்ததே இல்லை.

"நடக்கறப்ப?"

கொஞ்சம் யோசித்தேன். "நடக்கறப்ப அவ்வளவா இல்லீங்க. பஸ்சுக்கு நடந்து வந்துருவேன். பஸ் ஸ்டாப்புல நிக்கறப்பதான்..."

அவர் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "நடந்தா தாங்குது, நின்னா தாங்கல. பயத்துல வர்றதுன்னா ரெண்டுலயும்தான வரணும்? கெளம்புங்க, இப்பவே தருமபுரி போறோம்."

பாயிடம் அவரே சொன்னார். பாய் தன் துண்டாலேயே என் முகத்தைத் துடைத்துவிட்டு அனுப்பினார். பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. "இவருக்கு ஒடம்பு சரியில்ல" என்று சொல்லி எனக்கு ஒரு இடம் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவர் வழி முழுக்க நின்றுகொண்டே வந்தார்.

தருமபுரியில் புதிதாக வந்திருந்த ஒரு லேடி டாக்டரிடம் போனோம். அவர் என்னைச் சோதிப்பதற்கு முன்னால் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பெண்ணின் அண்ணன் பரேடு கதையைச் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

என்னைப் படுக்கச் சொல்லி, அசையாமல் இருக்கவிட்டு நாடியை எண்ணினார். எழுபத்துச் சொச்சம். பிரஷர் பார்த்தார். அதன் பிறகு, "இப்ப எந்திரிச்சு இந்த செவுத்துகிட்ட நில்லுங்க. சாயக் கூடாது, காலை ஆட்டக் கூடாது" என்றார்.

நின்றேன். அவர் விரல் என் மணிக்கட்டில், கண் கடிகாரத்தில். நூறைத் தாண்டியது. அவர் திரும்ப எண்ணினார். நெஞ்சு துள்ள ஆரம்பித்தது. நூற்றுப் பத்து, நூற்று இருபது. வாயைத் திறந்து எண்ணவே ஆரம்பித்துவிட்டார். நூற்று முப்பதைத் தாண்டியபோது அவசரமாகப் பிரஷரைப் பார்த்தார். அது பெரிதாக இறங்கவில்லை. குனிந்து என் பாதத்தைப் பார்த்தார். கருஞ்சிவப்பாக இருந்தது. "படுங்க, படுங்க" என்றார். படுத்ததும் நாடி மளமளவென்று இறங்கியதையும் எண்ணிவிட்டுத்தான் நிமிர்ந்தார். அவர் முகம் பரீட்சையில் பாஸானவர் முகம் மாதிரி இருந்தது.

"இது கல்யாண பயம்னு சொன்னாங்களா?" என்று சிரித்தார். "பயத்துக்கு நீங்க படுத்திருக்கீங்களா நிக்கறீங்களான்னு எப்படிங்க தெரியும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். நோய் இருக்கிறது என்று சொன்னதற்கு யாராவது சந்தோஷப்படுவார்களா? நான் பட்டேன். மச்சான், இனி அவரை அப்படித்தான் சொல்லப் போகிறேன், என் முதுகில் ஒரு அடி வைத்தார்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். நாம் நின்றதும் ரத்தம் காலுக்கு இறங்கும். நரம்புகள் உடனே ரத்தக் குழாயை இறுக்கி அதை மேலே தள்ள வேண்டும். எனக்கு அந்த இறுக்கம் சரியாக இல்லாததால், மூளைக்கு ரத்தம் அனுப்ப இதயம் வேகமாக ஓடிப் பார்க்கிறது. நடக்கும்போது கெண்டைக்கால் சதையே ரத்தத்தைப் பிழிந்து மேலே அனுப்பிவிடுவதால் அவ்வளவாகத் தெரிவதில்லை.

"ஏன் வந்துச்சுங்க?" என்று கேட்டேன்.

"ஒரே காரணம்னு சொல்லிர முடியாது. அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் நரம்பு இப்படி ஆயிருக்கலாம். அத்தனை நாள் படுத்தே கெடந்ததும் சேந்திருக்கலாம். ரத்தம் கம்மியா இருக்கலாம், தைராய்டா இருக்கலாம், தண்ணி பத்தாம இருக்கலாம். ஒவ்வொண்ணா பாத்துருவோம். இதுக்கு என்ன பேர் வெக்கறதுன்னு எனக்கே நிச்சயமாத் தெரியல. ஆனா நீங்க சொல்றது பொய் இல்லைன்னு தெரியும்."

ஈ.சி.ஜி. அங்கேயே எடுத்தார்கள். ரத்தத்தைச் சேலத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள், அந்த ரிசல்ட் பிறகு வந்தது. இதயத்தில் கோளாறு இல்லை, தைராய்டு சரி, ரத்தம் மட்டும் கொஞ்சம் குறைவு, அதற்கு மாத்திரை கொடுத்தார். பிரஷர் அதிகம் இல்லாததால், தண்ணீரும் உப்பும் கூடுதலாகச் சேர்க்கச் சொன்னார். எழுந்திருக்கும் முன் ஒரு செம்பு உப்புப் போட்ட நீர்மோர். வயிறு முட்டத் தின்னக் கூடாது. படுத்துக்கொண்டே காலுக்குப் பயிற்சி. காலில் இறுக்கமாகக் கட்டுத் துணி. அந்தக் கட்டைப் பாதத்திலிருந்து மேல்நோக்கிச் சுற்ற மச்சான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

கல்யாணம் என்ன ஆகும் என்று அன்றைக்குக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் அவரே சொன்னார்: "நான் முடிவு பண்றது இல்லீங்க இது. முழுசா கொணமாகுமான்னு டாக்டருக்கே தெரியல. உள்ளதை உள்ளபடி தங்கச்சிகிட்ட சொல்லுவேன்."

நாலு நாள் கழித்து மண்டிக்கே வந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நானும் பாயும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"எல்லாத்தையும் சொன்னேன்" என்றார். "கேட்டுட்டு அவ ஒரே வார்த்தைதான் சொன்னா. 'நின்னாத்தானே வருது? தாலி குந்திக்கிட்டுத்தானே கட்டுவாங்க'ன்னா."

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. போய்ச் சாக்கு மேல் உட்கார்ந்துகொண்டேன்.

கல்யாணத்தைப் பங்குனிக்குத் தள்ளி வைத்தோம். பாய் ஆசாரியிடம் சொல்லி உயரமாக ஒரு நாற்காலி செய்து போட்டார். அதில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே ஏலம் கூவினேன். முதல் நாள் ஒரு கன்னடக்கார வியாபாரி, "ராஜா பந்துட்டாரு" என்று 'வந்துட்டாரு'வைக் கன்னடமாக்கிக் கிண்டல் செய்தார். கூவிக்கொண்டே நானும் சிரித்துவிட்டேன். மாதங்கள் போகப் போகப் பெரும்பாலும் சரியாகிவிட்டது. மோசமான நாட்கள் இல்லாமல் இல்லை. அந்த நாட்களில் என் மனைவி எதுவும் கேட்க மாட்டாள், செம்பை நீட்டுவாள்.

வெகுகாலம் கழித்து ஒரு டாக்டர், இதற்கு இப்போது 'பாட்ஸ்' (POTS) என்று பேர் வைத்திருக்கிறார்கள், ஏன் வருகிறது என்பதை இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்றார். பேர் தெரிந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் வேண்டாம் என்று சொல்ல வந்த ஒரு மனிதர், தக்காளிச் சாறு ஊறிய சாக்கில் உட்கார்ந்து நான் சொன்னதை முழுக்க நம்பிக் கேட்டாரே, எனக்குப் பாதி குணம் அங்கேயே வந்துவிட்டது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.