முந்திக்கொண்ட தீப்பொறி

சேலத்துக்கு மேலே மலையில், ஒண்டிக்கடை என்ற இடத்துக்குக் கீழே இருக்கிறது என் மெக்கானிக் ஷெட். எஸ்டேட் ஒன்றில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் போன வருஷ மழைக்காலத்தில் தன் பழைய காரைக் கொண்டுவந்தார். அறுபது வருஷத்து வண்டி. அவர் மனைவிக்கு வாரம் இரண்டு முறை சேலத்தில் டயாலிசிஸ். பஸ்ஸில் அந்த அம்மாவால் உட்கார முடியாது. இதில் பின்சீட் அகலம், படுத்துக்கொள்வார்.

"ஏனுங்க, மேட்டுல ஏறுனா இஞ்சின் கடகடங்குதுங்க. ஊட்டுல நொம்ப பயப்படறாங்க."

நானே ஓட்டிப் பார்த்தேன். சமதளத்தில் சத்தமில்லை. ஏற்றத்தில் மிதித்தால் தகரத்தில் கல்லைக் கொட்டியதுபோல் கேட்டது. தீப்பொறி நேரத்துக்கு முன்னாலேயே விழுகிறது. தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்டிரிபியூட்டரைத் திறந்தேன். உள்ளே இருந்த இரண்டு சின்ன ஸ்பிரிங்குகளும் தளர்ந்து போயிருந்தன. அவற்றைத்தான் மாற்ற வேண்டும். அந்த வண்டிக்கு ஸ்பிரிங் உடனே கிடைக்காது. மறுநாள் அவர்கள் சேலம் போக வேண்டும்.

டிஸ்டிரிபியூட்டரைச் சற்றுத் திருப்பி, தீப்பொறி விழும் நேரத்தை, டைமிங்கை, பின்னுக்குத் தள்ளினேன். சத்தம் நின்றது. இப்படி ஓட்டினால் இழுவை குறையும், ஏற்றத்தில் இஞ்சின் கொதிக்கும். எனக்குத் தெரியும்.

"சரியாயிருச்சுங்க" என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் மத்தியானம், டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது, பாதி மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றது. பானெட்டிலிருந்து கிளம்பிய ஆவியை அவர் புகை என்று நினைத்தார். தீப்பிடிக்கும் என்று பயந்து மனைவியை இறக்கிச் சுவரோரம் உட்கார வைத்தார். மழை கொட்டியது. ஒரு ஜீப் நிற்க ஒரு மணி நேரமானது. அன்று நடுங்கத் தொடங்கிய அம்மாவுக்குக் காய்ச்சல் நெஞ்சில் இறங்கியது. நான்காம் நாள் இறந்துபோனார். நனைந்ததால்தானா என்று டாக்டர்கள் சொல்லவில்லை.

காரியம் முடிந்து ஷெட்டுக்கு வந்தார். கட்டியிழுத்து வந்த வண்டி ஓரமாக நின்றது. அதைப் பார்க்காமல் என்னைக் கேட்டார்.

"கெளம்பறப்ப தண்ணி பாத்துத்தான் ஊத்துனனுங்க. நான் ஏதாச்சும் தப்பா ஓட்டிட்டனுங்களா?"

அத்தனை நாளும் அவர் தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"இல்லீங்க. தப்பு என்னுதுங்க." ஸ்பிரிங், டைமிங், நான் சொல்லாமல் விட்டது எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா ஜீப்பு புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பனுங்களே."

குரல் உயரவில்லை. திரும்பிப் போய்விட்டார்.

ஸ்பிரிங் வந்ததும் மாட்டி, டைமிங்கைப் பழையபடி வைத்தேன். இஞ்சின் சூட்டில் வெந்துபோன கேஸ்கட்டை மாற்றினேன். ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தேன். சத்தமும் இல்லை, சூடும் இல்லை. அவர் ஊரான வெள்ளக்கடைக்கு ஓட்டிப்போய் அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். மகள் வந்து சாவியை வாங்கிக்கொண்டார். ஜன்னல் வழியே அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. வெளியே வரவில்லை.