கட்டைவிரலுக்கு மட்டும் விடுப்பு

ஓசூரில் செல்போன் கம்பெனி ஒன்றில் எனக்கு ஸ்க்ரூ போடும் வேலை. மேலே தொங்கும் மெஷினை இழுத்து, அழுத்தி, விட வேண்டும். ஷிஃப்ட் முழுக்க இதேதான். முதல் வருடம் கை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடம் கட்டைவிரலின் அடியில் வலி ஆரம்பித்து மணிக்கட்டு வரை வந்தது. துணி பிழிய முடியவில்லை. பாட்டில் மூடியைத் திறக்க ஆள் தேடினேன்.

வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. வாய் சும்மா இருக்கவில்லை. ஊத்தங்கரைப் பக்கம் அம்மா ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தாள். என் கைவலி அவளுக்கு வசதியாகப் போயிற்று. "லீவு போட்டுட்டு வந்துடு பாப்பா. கை போனப்புறம் எவன் கட்டுவான்?" என்று தினமும் போன். கல்யாணத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. வேலையை விடச் சொல்வதில்தான் எரிச்சல். ஒருமுறை போனால் திரும்ப அனுப்ப மாட்டார்கள்.

எங்கள் ஹாஸ்டலில் சோப்பு, சீப்பு, சார்ஜர் எல்லாம் பொது. வைத்தியமும் அப்படித்தான். பக்கத்துக் கட்டில்காரிக்கு முழங்கை வலி. ஆஸ்பத்திரி பிசியோதெரபி மேடம் அவளுக்கு ஒரு பயிற்சி கொடுத்திருந்தார். சின்னத் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மெதுவாக ஏற்றி இறக்க வேண்டும். அவளுக்கு வலி குறைந்தது. உடனே ரூமே பாட்டில் தூக்க ஆரம்பித்தது, இடுப்பு வலிக்காரி உட்பட. நான் சீக்கிரம் குணமாகட்டும் என்று பெரிய பாட்டிலாக எடுத்தேன். ஒரே வாரத்தில் மணிக்கட்டு வீங்கி, சோறு பிசைய முடியாமல் போனது.

அதன் பிறகுதான் அந்த மேடத்திடமே போனேன்.

"யார் கொடுத்த பயிற்சி இது?"

"நீங்கதான் மேடம்."

"உங்களுக்கா கொடுத்தேன்? பக்கத்துப் பொண்ணு கண்ணாடிய வாங்கிப் போட்டுக்குவீங்களா?"

"எங்க ரூம்ல அதையும் போட்டுப் பாப்போம் மேடம்."

அவர் சிரித்துவிட்டார். என் வேலையை வெறுங்கையால் செய்து காட்டச் சொன்னார். கட்டைவிரலை மடக்கிப் பார்த்தபோது எனக்கு உயிர் போனது. முதலில் ஓய்வு, பயிற்சி அப்புறம்தான் என்றார். ஊருக்குப் போய்ச் சில வாரம் இருந்து வரச் சொன்னார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஊருக்குப் போனா கை சரியாயிடும் மேடம். ஆனா நான் திரும்பி வர மாட்டேன்" என்று மாப்பிள்ளை கதையைச் சொன்னேன்.

அவர் என் கட்டைவிரலைத் தொட்டுக் காட்டினார். "ரெஸ்ட் கட்டைவிரலுக்குத்தானே வேணும்? உங்களுக்கு எதுக்கு?" என்றார்.

விரல் அசையாமலிருக்க ஒரு பட்டை மாட்டிவிட்டு, வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லிக் கம்பெனிக்குச் சீட்டு எழுதினார். "ஆளாளுக்குச் சீட்டு கொண்டாந்தா லைன் எப்பிடி ஓடும்?" என்று சூப்பர்வைசர் குதித்தார். வீங்கிய கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "நீங்களே அமுக்கிப் பாருங்க சார்" என்றேன். மறுநாள் என்னை விளக்கடியில் உட்கார்ந்து போனில் கீறல் பார்க்கும் வேலைக்கு மாற்றினார்.

வீக்கம் வடிந்த பிறகு மேடம் ரப்பர் பேண்டை வைத்துப் பயிற்சி தொடங்கினார். சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருந்தது. பொறுமையே போய்விட்டது. ஆனாலும் விடாமல் செய்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யூனிஃபார்மை நானே பிழிந்து காயப் போட்டேன். சந்தோஷம் தாங்காமல் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"கை சரியாயிடுச்சும்மா. துணியெல்லாம் நானே பிழியறேன்."



"அப்ப நீ வர மாட்ட" என்றாள் அம்மா.