அரிசி டிரம்முக்குப் பின்னால் கடை உப்பு

கல்யாணமாகிப் பல வருஷம் வரைக்கும், என் மனைவிக்கு மாதத்தில் ஒரு நாள் வருவது கோபம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அதை ஒரு தீபாவளி மலரில் நகைச்சுவைக் கட்டுரையாகவும் எழுதினேன். தலைப்பு ‘மாதாந்திரப் புயல்’. மரக்காணத்துக்காரர் புயலைப் பற்றி எழுதினால் தனி நம்பகம் வந்துவிடுகிறது என்று ஆசிரியர் பாராட்டினார். மனைவியும் படித்தாள். “நல்லா இருக்குதுங்க” என்று மலரை மூடி வைத்தாள். அன்று குழம்பு ஆறிப்போயிருந்தது. அதையும் புயலின் கணக்கில் சேர்த்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. கடை உப்பு வாசற்படி ஏறக்கூடாது. அப்பா காலத்திலிருந்து உப்பளம் வைத்திருக்கிறோம். ஊருக்கெல்லாம் உப்பு விற்கிறவன் வீட்டிலிருந்து ஒருத்தர் பாக்கெட் உப்போடு மளிகைக் கடையில் நிற்பதை யாராவது பார்த்தால் என்ன ஆவது? மற்ற விஷயங்களில் முற்போக்கான ஆள் நான். உப்பு என்று வந்தால் ஜமீன்தார்.

போன சித்திரையில் மனைவி தன் தங்கை வீட்டுக் காதுகுத்துக்காகப் பெருமுக்கல் போயிருந்தாள். சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்த மகள், பையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சுருண்டுகொண்டாள்.

“என்னமா, கேன்டீன்ல கண்டதையும் சாப்பிட்டியா?”

“பீரியட்ஸ்பா. உயிர் போகுது. அம்மா எப்ப வரும்?”

நெற்றியெல்லாம் வேர்வை. உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அந்த முகத்தை, அந்தத் திரும்பலை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். இன்னொருத்தியிடம். அதற்குத்தான் புயல் என்று பெயர் வைத்திருந்தேன்.

கருப்பை இறுகிச் சுருங்குவதால் இந்த வலி, சூடு பட்டால் தளரும் என்று எங்கேயோ படித்திருந்தேன். படித்தது வீட்டில் யாருக்காவது உதவலாம் என்று அதுவரை தோன்றியதில்லை. ஒத்தடத்துக்கு உப்பு நல்லது. அதற்கா பஞ்சம்? பின்கட்டு ஷெட்டில் மூட்டை மூட்டையாக இருந்தது. உப்பளப் பாத்தியிலிருந்து வாரி வந்த புது உப்பை இரண்டு கை அள்ளி, இரும்புச் சட்டியில் போட்டு, அடுப்பைப் பெரிதாக வைத்தேன்.

முதல் கல் என் மூக்குக் கண்ணாடியில் பட்டது. அப்புறம் எண்ண முடியவில்லை. புது உப்பின் ஒவ்வொரு கல்லுக்குள்ளும் கொஞ்சம் கடல் மிச்சமிருக்கும், சூடு பட்டால் வெடித்துக்கொண்டு வெளியே வரும். உப்பளக்காரனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? நான் உப்பை விற்றிருக்கிறேன், வறுத்ததில்லை.

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தாள். “ஒத்தடம் குடுக்கிறியா, பட்டாசு கொளுத்துறியா? சிரிக்க வைக்காதப்பா, வலிக்குது!” கண்ணில் தண்ணீர் வழிந்தது.

மனைவிக்குப் போன் போட்டேன்.

“ஏங்க, நம்ம உப்பையா போட்டீங்க? வெடிக்காம என்ன செய்யும்? அரிசி டிரம்முக்குப் பின்னாடி கைய விடுங்க. தூள் உப்பு பாக்கெட் இருக்குது, கூடவே துணிப்பை. மொதல்ல பொண்ணுக்கு ரெண்டு இட்லி குடுத்து, டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரையப் போடச் சொல்லுங்க. வலி ஆரம்பிக்கும்போதே போடுன்னா கேக்குதா அது?”

கையை விட்டேன். கடை உப்பு இருந்தது. என் பழைய வேட்டிக் கரையை மடித்துத் தைத்த பை ஒன்றும் இருந்தது. அதன் ஒரு பக்கம் பழுப்பேறி, கருகி, ஒட்டுப்போட்டு, மறுபடி கருகியிருந்தது. மகள் பெரியவளாகிச் சில வருஷம்தான் ஆகிறது. அந்தக் கருகல் அவளைவிட மூத்தது.

மகள் இட்லியும் மாத்திரையும் சாப்பிட்டாள். பையில் தூள் உப்பை நிரப்பி, சட்டியில் வைத்துச் சூடாக்கிக் கொடுத்தேன். அவளே வாங்கி அடிவயிற்றில் வைத்துக்கொண்டாள். ஆறியதும் நீட்டினாள், மறுபடி சூடாக்கினேன். மெல்ல மெல்ல முழங்கால்கள் நீண்டன. தூங்கிப்போனாள்.

நான் பையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உப்பு குவிந்து கிடக்கிற வீட்டில் ஒருத்தி தன் வலிக்கு உப்பை ஒளித்து வைத்திருக்கிறாள். நான் முன்கூடத்தில் புத்தகம் படித்துக்கொண்டிருந்த எத்தனை சாயங்காலங்களில், குனிந்து நின்றபடி தானே இதைச் சூடாக்கியிருப்பாள்? எனக்கும் அந்த அடுப்புக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

மறுநாள் காலை மனைவி வந்ததும் அவள் பின்னாலேயே சமையலறைக்குப் போனேன். “இத்தன வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நானே சூடு பண்ணிக் குடுத்திருப்பேன்.”

அவள் தரையெல்லாம் சிதறிக் கிடந்த உப்பைப் பார்த்தாள். துடைப்பத்தை எடுத்தாள்.

“சொல்லியிருந்தா அடுத்த மலருக்கும் உங்களுக்கு விஷயம் கெடச்சிருக்கும். கால எடுங்க, பெருக்கணும்.”