நாற்பது நிமிடப் பயம்

போன வாரம் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குப் போனேன். பயிலுநர் ஆசிரியை சுகன்யாவின் இறுதி மதிப்பீடு. புள்ளி போடப் போனவன் நான்தான். ஆனாலும் பஸ்ஸிலேயே பயம் பிடித்துக்கொண்டது. நாற்பது நிமிடத்தைப் பார்த்துவிட்டு ஒருத்தியின் தலையெழுத்தை எழுத வேண்டுமே!

மூன்றாம் வகுப்பு. கூட்டல் கணக்கு. கேள்வி முடியுமுன்னே எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஒரு பிழை இல்லை.

அப்போது வாசலில் ஒரு சிறுமி. மழையில் தொப்பலாக நனைந்திருந்தாள்.

"டீச்சர்... இன்னைக்கு வர வேணாம்னு சொன்னீங்க. அம்மா கொழுந்தெடுக்கப் போயிட்டாங்க. லயத்து வீட்டுல தனியா இருக்கப் பயமா இருந்துச்சு."

சுகன்யாவின் முகத்தில் ஈயாடவில்லை. என்னைப் பார்த்தாள். நான் குனிந்து மதிப்பீட்டுப் படிவத்தைப் பார்த்தேன். வேறென்ன செய்வது?

சுகன்யா மெதுவாக வாசலுக்குப் போனாள். முந்தானையால் பிள்ளையின் தலையைத் துவட்டி, முன் வாங்கில் உட்கார வைத்தாள். பாடக் குறிப்பை மூடிவிட்டாள். ஈர்க்குக் குச்சிகளை அள்ளி வந்து, பத்துப் பத்தாகக் கட்டி, கணக்கை முதலிலிருந்து தொடங்கினாள். இருபத்தேழும் ஐந்தும் எத்தனை? சிறுமி தடுமாறினாள், திரும்ப எண்ணினாள், அழப் பார்த்தாள்... மணி அடிக்கும் நேரத்தில் "முப்பத்திரெண்டு" என்றாள்.

பாதிப் பாடம் பாக்கி.

வெளியே வந்ததும் சுகன்யா அழுதுவிட்டாள். "சேர், கெட்டிக்காரப் பிள்ளைங்க மட்டும் வந்தாப் போதும்னு சீனியர் அக்காங்க சொன்னாங்க. செஞ்சது தப்புத்தான். என்னைய ஃபெயிலாக்கிருவீங்களா?"

படிவத்தில் 'திட்டமிட்டபடி பாடம் நிறைவு' என்று ஒரு கட்டம் உண்டு. நனைந்து வந்த பிள்ளைக்குக் கட்டம் இல்லை. பாஸ் போட்டால் மேலிடத்தில் ஏனென்று கேட்பார்களே... பயமாகத்தான் இருந்தது. போட்டேன். அந்தச் சிறுமியின் கதையையும் படிவத்தின் பின்பக்கம் எழுதிவிட்டேன்.

நாள் குறித்து, தகவல் சொல்லி, ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தால் இப்படி ஒத்திகை பார்த்த பாடம்தான் கிடைக்கும். சொல்லாமல் கொள்ளாமல், மழை நாளில், நாலைந்து தடவை போக வேண்டும்.

இவ்வளவு பேசுகிறேனே... பயிலுநராக இருந்தபோது, என் இறுதி மதிப்பீட்டுக்கு நானும் கணக்கு வராத இரண்டு பிள்ளைகளை வரவேண்டாம் என்றேன். சொல் தட்டாத பிள்ளைகள், வரவில்லை. எனக்கு 'ஏ' கிடைத்தது.