தம்பியின் கணினியில் குறையும் தண்ணீர்

என் தம்பி இறந்த பதினேழாம் நாள் காலை, அம்மா அவனுடைய அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். குரலில் பதற்றம் இல்லை. சோறு வெந்துவிட்டது என்று சொல்கிற குரல்தான். போய்ப் பார்த்தால் மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவனுடைய கணினியின் கண்ணாடிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி குறைஞ்சிருக்குலா," என்றார்.

அந்தக் கணினியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் கணினி சூடானால் உள்ளே ஒரு விசிறி சுற்றும், அவ்வளவுதான். என் தம்பிக்கு அது போதாது. கடையில் விற்கும் எதுவும் அவனுக்குப் போதாது. ஒரு குட்டி பம்ப், ஒரு ஜாண் உயரத்துக்கு உருளையான தொட்டி, அதிலிருந்து கிளம்பி சூடாகும் பாகங்களைச் சுற்றிவிட்டுத் திரும்பும் குழாய்கள் என்று எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி, கிளமெண்டி வட்டாரத்தில் எங்கள் நாலறை அடுக்குமாடி வீட்டின் சின்ன அறையில் இரண்டு மாதம் உட்கார்ந்து தானே பூட்டினான். தண்ணீர் ஓடி ஓடிச் சூட்டை எடுத்துக்கொண்டு போய் வெளியே விட்டுவிட்டுத் திரும்ப வரும். மின்சாரம் ஓடுகிற பெட்டிக்குள் தண்ணீர் விடுகிற புத்திசாலி உலகத்திலேயே நீ ஒருத்தன்தான் என்று நான் கேலி செய்வேன். தண்ணீர் குழாய்க்குள் இருக்கிறவரை ஒன்றும் ஆகாது என்பான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கால்பந்து விளையாடப் போனவன் திடலிலேயே விழுந்துவிட்டான். இதயம் என்றார்கள். முப்பத்தொரு வயது. போகும்போது கணினியை அணைக்கவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் திரும்பி வரப்போகிறவன் எதற்கு அணைப்பான்? அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். வீட்டில் இப்போது நானும் அம்மாவும் மட்டும்.

மண்டாய் தகனச்சாலையில் எரித்துவிட்டு வந்த அன்றே, கூடத்தில் அவன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, பக்கத்தில் ஒரு செம்பில் தண்ணீர் வைத்தோம். போன உயிருக்குக் காரியம் முடியும்வரை தாகம் இருக்கும், வந்து குடித்துவிட்டுப் போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தினமும் காலையில் அம்மா குனிந்து செம்பைப் பார்ப்பார். கொஞ்சம் குறைந்திருக்கும். அவர் முகம் லேசாக இளகும். நான் மருந்தகத்தில் வேலை செய்கிறவள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் மின்விசிறிக்குக் கீழே எந்தத் தண்ணீரை வைத்தாலும் குறையும் என்று எனக்குத் தெரியும். பதினாறு நாளும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நான் அப்படி இருந்ததே பெரிய விஷயம். பதினாறாம் நாள் காரியம் முடிந்து விளக்கையும் செம்பையும் எடுத்தோம். மறுநாள் காலை அம்மா கணினித் தொட்டியைப் பார்த்துவிட்டார்.

குழாயின் ரப்பர் வழியாகத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகப் போகும், தம்பியே அவ்வப்போது ஊற்றுவான் என்று சொன்னேன். அம்மா முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு சமையலறைக்குப் போய் டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தார். குழாய்த் தண்ணீரை அதில் ஊற்றக் கூடாது, கெட்டுப்போகும் என்று தடுத்தேன். சரி என்றார். அம்மா அவ்வளவு சுலபத்தில் சரி என்கிற ஆள் இல்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

திரையில் கடவுச்சொல் கேட்டுக்கொண்டே இருந்தது. அது எங்களுக்குத் தெரியாது. உள்ளே என்ன இருக்கிறதோ, அது அவனோடு போயிற்று. ஆனால் பெட்டி சும்மா இருக்காது. பட்டப்பகலில், யாரும் தொடாமலே, திடீரென்று அதன் விசிறிகள் வேகம் எடுக்கும். அடுப்படியில் இருந்தபடியே அம்மா, "வந்துட்டான்" என்பார், வேலை முடிந்து பையன் வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி. கணினி தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது, வேறொன்றும் இல்லை என்று நான் துணி தேய்த்துக்கொண்டே எரிந்து விழுவேன். ஆனால் அந்தச் சத்தம் கேட்கும்போது அந்த அறைக்குள் நான் ஒருநாளும் போனதில்லை. எனக்குப் பயமாக இருந்தது. நான் தூக்கி வளர்த்த பிள்ளைக்கு நானே பயப்படுகிறேனே என்று அழுகை அழுகையாக வந்தது.

அதனால்தான் அணைத்துவிடலாம் என்று பிடிவாதம் பிடித்தேன். தீப்பிடிக்கும் என்றேன், தண்ணீர் கசியும் என்றேன். வாரம் ஒருமுறையாவது சண்டை வந்தது.

"அவன் குடிக்க வர்ற எடத்த மூடச் சொல்றியா?" என்று கேட்டார் அம்மா.

மூன்றாவது மாதம் தொட்டியில் தண்ணீர் பச்சையாகிவிட்டது. முதலில் பெட்டிக்குள் எரியும் விளக்கின் நிறம் என்று நினைத்தேன். பிறகு நூல்நூலாக ஏதோ மிதந்தது. பம்ப் தொண்டை கட்டியவர் மாதிரிக் கரகரத்தது. சந்தேகப்பட்டு அம்மாவின் பூசை அலமாரியைத் திறந்தேன். கட்டைவிரல் அளவு செப்புச் சொம்புகள், மூடி உடைத்து, காலியாக, வரிசையாக ஆறு. வெள்ளிக்கிழமைதோறும் ரயிலேறி லிட்டில் இந்தியா கோயிலுக்குப் போகிறவர், திரும்பும்போது சிராங்கூன் சாலைப் பூசைக் கடையில் கங்கைத் தண்ணீர் வாங்கி வந்திருக்கிறார். குழாய்த் தண்ணீர் கூடாது என்றுதானே நான் சொன்னேன்?

அன்றைக்கு நான் கத்திய கத்தலுக்கு எதிர்வீட்டு மலாய் அக்கா கதவைத் திறந்து பார்த்தார். அத்தனை மாதமாக மென்று முழுங்கிய எல்லாவற்றையும் கொட்டினேன். ஆற்றுத் தண்ணீரை ஊற்றினால் பாசி பிடிக்காமல் பவளமா விளையும், செத்தவனுக்குத் தாகம் எடுக்குமா, கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா என்றெல்லாம் கேட்டேன்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். "உங்கப்பாவுக்கு ஆஸ்பத்திரில நான்தான் வாயில ஊத்துனேன். இவனுக்கு ஒரு சொட்டு ஊத்த முடியல பாப்பா. பிள்ள திடல்ல கெடந்தப்ப நான் மார்க்கெட்ல மீன் வாங்கிட்டு இருந்தேன்."

உயிர் போகும்போது வாயில் விடுகிற கங்கைத் தண்ணீரைத்தான் அவர் மூன்று மாதமாக அந்தத் தொட்டியில் விட்டுக்கொண்டிருந்தார். சொம்புகளை இருந்த இடத்திலேயே வைத்து அலமாரியை மூடினேன்.

அந்தப் பாசியை அப்படியே விட்டால் பம்ப் அடைத்துப் பெட்டி வெந்துபோகும். மறுநாள் வேலை முடிந்து ரோச்சோர் பக்கம் இந்தச் சாமான்கள் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரி என் வயதுச் சீனப் பெண். கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். என்ன ஊற்றினீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். புனிதத் தண்ணீர் என்றேன். அவள் சிரிக்கவில்லை. யாருடைய கணினி என்று மட்டும் கேட்டாள், பதில் சொன்னதும் ஒரு தாளை எடுத்து, செய்ய வேண்டியதை வரிசையாக எழுதிக் கொடுத்தாள். எல்லாத் தண்ணீரையும் வடிக்க வேண்டும். காய்ச்சி வடித்த தண்ணீரை விட்டு, தெளிவாக வரும்வரை அலச வேண்டும். குழாய்களை மாற்றி, புதுத் தண்ணீரில் பாசி தடுக்கும் மருந்து விட வேண்டும். பிறகு ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே டிஷ்யூத் தாள் வைத்து, கணினியை முடுக்காமல், பம்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்க்க வேண்டும். தாள் நனையாவிட்டால்தான் முடுக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, முடிந்ததும் மறுபடி ஓட விடுகிறேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, பொத்தானை அழுத்தினேன். விசிறிகள் நின்றன. கடைசியாக பம்ப் நின்றது. அந்த அறையில் இவ்வளவு காலமாக ஒரு சத்தம் இருந்தது என்பதே அது நின்றபோதுதான் தெரிந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

பச்சைத் தண்ணீர் வாளியில் இறங்கியது. அதைக் கழிப்பறையில் ஊற்றக் கூடாது என்றார். தானே வாளியைத் தூக்கிக்கொண்டு மின்தூக்கியில் இறங்கி, புளோக்குக்குக் கீழே இருக்கும் மாமரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தார். அவர் போயிருந்த நேரத்தில் கீழ்மூட்டுகளைத் துடைக்கலாம் என்று பெட்டியைச் சாய்த்தேன். அடிப்பக்கம், கண்ணில் படாத இடத்தில், ஒரு மூட்டுக்குக் கீழே நாலாக மடித்த டிஷ்யூத் தாள் ஒன்று ஏற்கெனவே இருந்தது. காய்ந்து, மஞ்சளாகி, நடுவில் பச்சைக் கறை. அதை நான் வைக்கவில்லை.

தண்ணீர் ஆவியாகப் போகவில்லை. யாரும் குடிக்கவும் இல்லை. அந்த மூட்டில் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, சூட்டில் காய்ந்துகொண்டிருந்தது. அது தம்பிக்குத் தெரிந்திருக்கிறது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் முதலில் தோன்றியது. அம்மா மேலே வந்ததும் காட்ட வேண்டும் என்று தாளைக் கையில் எடுத்தேன். எடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அவன் போவதற்கு முந்தைய வாரம், நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றான். "அக்கா, ஞாயித்துக்கெழம கொஞ்சம் டார்ச் பிடிக்கிறியா? அடியில ஒரு எடத்துல கசியுது," என்றான். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. உனக்கு வேற வேலையே இல்லையா, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

அம்மா திரும்பி வந்து கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. தாளைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கைப்பேசி விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, அந்த மூட்டின் ரப்பர் வளையத்தை மாற்றி இறுக்கினேன். யாரும் எனக்கு விளக்குப் பிடிக்க வேண்டாம் என்று இருந்தது.

மறுநாள் முழுக்கப் பம்ப் மட்டும் ஓடியது. ஒரு தாளும் நனையவில்லை. முடுக்கினேன். திரை வழக்கம்போலக் கடவுச்சொல் கேட்டது, விசிறிகள் சுற்றின, அம்மா எழுந்து போய் தேநீர் போட்டார். முதல் சில நாள் குழாயில் மாட்டியிருந்த காற்றுக் குமிழிகள் வெளியேறத் தொட்டியில் மட்டம் கொஞ்சம் இறங்கியது. இந்த முறை அம்மா நான் வாங்கி வைத்த தண்ணீரைத்தான் ஊற்றினார். பிறகு இறங்குவது நின்றுவிட்டது.

ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். தினமும் காலையில் அம்மா போய்க் குனிந்து பார்ப்பார். மட்டம் குறிக்க நான் ஒட்டியிருந்த வெள்ளை டேப்பின் விளிம்பிலேயே தண்ணீர் நிற்கும். வெளியே வருவார். அவர் உடைந்து போவார் என்று பயந்துகொண்டே இருந்தேன். என்ன சொல்லித் தேற்றுவது என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துக்கூட வைத்திருந்தேன். பிள்ளை குடிக்க வரும் வழியைக் கசிவு என்று அடைத்துவிட்டவள் நான்தானே.

ஒரு வியாழக்கிழமை காலை, ரொட்டிக்குக் காயா ஜாம் தடவிக்கொண்டே அம்மா சொன்னார்: "அவனுக்குத் தாகம் அடங்கிருச்சு. இனிமே அணைச்சிடலாம், பாப்பா."

முகத்தில் அழுகை இல்லை. பல மாதத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கி எழுந்த முகம். நான் இத்தனை நாள் சண்டை போட்டுக் கேட்டது அதுதான். சரிம்மா, இந்த வாரக் கடைசியில் செய்யலாம் என்றேன். ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். நான் மருந்தகத்திலிருந்து எடுத்து வந்த பெரிய ஊசிக்குழலில் மெல்லிய குழாயைச் செருகி, தொட்டியின் மூடியைத் திறந்து, தண்ணீரை உறிஞ்சினேன். டேப்பிலிருந்து ஒரு விரற்கடை இறங்கும்வரை எடுத்தேன். நான் என்ன செய்கிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. உறிஞ்சிய தண்ணீரைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றி, குழாயைத் திறந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை நானே கூப்பிட்டேன். "ம்மா, இங்க வாங்களேன். குறைஞ்சிருக்கு."

அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். குனிந்து தொட்டியைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பொய் சொல்லும்போது நான் எங்கே பார்ப்பேன் என்று சிறுவயதிலிருந்து அறிந்தவர்.

"நீ எடுத்தியா?"

கசிவு, ஆவி, குமிழி, சொல்வதற்கு எத்தனையோ காரணம் என்னிடம் இருந்தது. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, வாசலில் நின்று அவன் விளக்குப் பிடிக்கச் சொன்னதைச் சொன்னேன். நான் பஸ்ஸுக்கு ஓடியதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுதேன். அவன் செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.

அம்மா என்னைச் சமாதானப்படுத்தவில்லை. நீ விளக்குப் பிடித்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்றெல்லாம் சொல்லவில்லை. அலமாரிக்குக் கீழே நான் வாங்கி வைத்திருந்த தண்ணீர்க் குப்பியை எடுத்து, டம்ளரில் ஊற்றி என் கையில் கொடுத்தார்.

"அப்ப உனக்குத்தான் இன்னும் அடங்கல. ஊத்து. எப்ப போதும்னு தோணுதோ சொல்லு, அணைச்சிடலாம்."

ஊற்றினேன். மட்டம் டேப்பைத் தொட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் அம்மா அறை வாசலுக்கு வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார். நான் இன்னும் சொல்லவில்லை.