உப்புக்காற்றுக்குப் போர்த்திய சிபியு

மூன்றாவது தடவையாக அந்த சிபியு கருங்கல் ஊரில் உள்ள என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்தது. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஆட்டோவில், மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார் மேரியம்மாள்.

"இஞ்ச நல்லா ஓடுது மக்களே. வீட்டுக்கு வந்தா அதுக்குக் கோட்டி பிடிக்குது" என்றார்.

அவர் மகன் சேவியருக்குக் கல்ஃபில் வேலை. லீவில் வந்தபோது பார்ட்ஸ் வாங்கி அவனே அசெம்பிள் செய்த மெஷின். அவன் மனைவி லிசிக்குக் காது கேட்காது, பேச்சும் கிடையாது. ஃபோனால் அவளுக்குப் பிரயோஜனமில்லை. வெள்ளிக்கிழமை வெப்கேம் முன்னால் இருந்து இருவரும் கையால் பேசுவார்கள். பத்து நிமிடத்தில் மெஷின் அணைந்துவிடும். ஆறிய பிறகுதான் திரும்ப ஓடும். அதற்குள் அவன் லைனை விட்டுப் போயிருப்பான்.

சூடுதான் காரணம். ஃபேன் மாற்றியாயிற்று. சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கைக் கழற்றித் தூசி ஊதி, புதுப் பேஸ்ட் வைத்தாயிற்று. கடையில் நாள் முழுக்க ஓடியது.

அந்த வெள்ளிக்கிழமை நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். மெஷினைப் போட்டேன். அரை மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை.

"ஒங்களைக் கண்டா மட்டும் அடங்கி இருக்கு, பாத்தியளா" என்றார் மேரியம்மாள்.

"என்னைப் பாக்காண்டாம். நீங்க எப்பவும் செய்யியது போல செய்யுங்கோ" என்று ஓரமாக உட்கார்ந்தேன்.

லிசி வந்தாள். கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்தாள். கையில் வெளிச்சம் விழுந்தால்தானே அவனுக்குத் தெரியும். காற்று உள்ளே அடித்தது. உடனே பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்து சிபியுவைச் சுற்றினாள். அதன்மேல் ஒரு கம்பளி. பிள்ளைக்குக் குளிருக்குப் போர்த்துவதுபோல் நாலு பக்கமும் செருகிவிட்டாள்.

"அம்மா, இது என்னத்துக்கு?"

"உப்புக்காத்து பட்டா துருப்பிடிக்கும்னு சேவியர்தான் சொன்னான். நீங்க வாறியன்னு பழந்துணியை எடுத்து மாத்தி வச்சிருந்தேன்."

சேவியர் சொன்னதும் சரி, அவள் ஜன்னலைத் திறந்ததும் சரி. போர்வைக்குள் சூடு அடைபட்டதுதான் வினை. மானிட்டரையும் கேமராவையும் ஜன்னலோரத்திலேயே விட்டேன். பையில் நீளக் கேபிள் இருந்தது. கதவிடுக்கு வழியாக இழுத்து, சிபியுவை உள் அறையில் போர்வை இல்லாமல் வைத்தேன். அங்கே கடல்காற்று வராது.

சேவியர் லைனுக்கு வந்தான். பத்து நிமிடம் தாண்டியது. போய்த் தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடுதான். திரும்பி வந்தால் லிசியின் முகம் சிவந்திருந்தது. கை வேகவேகமாகப் போகிறது. திரையில் அவனும் அப்படித்தான்.

"என்னம்மா, ஏதாவது பிரச்சனையா?"

"சண்டை போடுதுவ மக்களே. லீவுக்கு வரல்லன்னு அவளுக்குக் கோவம். எப்பவும் பாதியில அணைஞ்சு போவும். மிச்சத்தை அவ ஒரு வாரம் மனசுல வச்சிட்டு நடப்பா."

அன்றிலிருந்து, வீட்டில் எங்கே வைத்திருக்கிறீர்கள், எதைப் போட்டு மூடுவீர்கள் என்று கேட்ட பிறகுதான் ஸ்குரூ டிரைவரை எடுப்பேன். ரிப்பேர் செய்பவர் என்றால் நீங்களும் கேளுங்கள்.

அன்று மேரியம்மாள் பால் சேர்க்காத கட்டன்சாயா தந்தார். மெதுவாகக் குடித்தேன். சண்டை முடிந்து லிசி சிரித்த பிறகு பையை எடுத்தேன்.