கோவளம் பஸ்ஸில் ஒரு டிக்கெட்

இந்த வருஷம் பொன்னம்மைக்கு வேலை நிரந்தரமாகிவிடும் என்று டிப்போ முழுக்கப் பேச்சு. நாஞ்சில் நாட்டில் பிறந்து, மலையாளச் சீமையில் ஆரியசாலையில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் செத்ததும் காக்கிச் சட்டை மாட்டியவள். தற்காலிகக் கண்டக்டராக ஏழு வருஷம் நாயாய் அலைந்திருக்கிறாள். இருப்பது ஒரே ஓர் இடம். பெயரில் ஒரு புகார் விழுந்தால் போச்சு, அடுத்து நிற்பவளுக்குப் போய்விடும். அடுத்து நிற்பவள் ரேஷ்மி, டிரைவர் ஸ்ரீகுமாரின் தம்பி பெண்டாட்டி. அது தெரிந்தும் பொன்னம்மை ஸ்ரீகுமாரைக் கூடப்பிறந்தவனாக நம்பினாள்.

நம்பக் காரணமும் இருந்தது. எதிரே வரும் பஸ்ஸின் டிரைவர் தலைக்குமேல் விரலைச் சுழற்றினால், முன்னால் செக்கிங் நிற்கிறது என்று அர்த்தம். ஸ்ரீகுமார் உடனே வண்டியை ஓரங்கட்டி, "அக்கா, டிக்கெட் குடுத்துத் தீந்தோ?" என்று குரல் கொடுப்பான். விட்டுப்போனவர்களுக்கெல்லாம் அவள் டிக்கெட் கொடுத்து முடித்த பிறகுதான் எடுப்பான்.

அன்று பழவங்காடியில் ஒரு வெள்ளைக்காரி ஏறினாள். வங்கிக் கார்டைத் தொட்டு டிக்கெட் எடுக்கும் மெஷின் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வந்த அன்று எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். பயணிகளுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. கண்டக்டர் இறங்கும் இடத்தை அழுத்திய பிறகே கார்டைத் தொட வேண்டும். வெள்ளைக்காரியின் ஊரில் ஏறும்போது தொட்டாலே தீர்ந்தது போலும். பொன்னம்மை வேறொருவருக்கு டிக்கெட் அடித்துக்கொண்டிருந்தபோது, அவள் பாட்டுக்குக் கார்டை மெஷினில் ஒட்டினாள். பொன்னம்மை பொத்தானை அழுத்திய சத்தம் கீச்சென்று கேட்டது. பணம் போய்விட்டதென்று நினைத்து, மகராசி முன்னால் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள்.

பொன்னம்மை அதைக் கவனிக்காமல் இல்லை. கூட்டம் அவளைப் பின்னால் தள்ளிக்கொண்டு போனது. பின்னால் முடித்துவிட்டு வந்து கொடுக்கலாம் என்றிருந்தாள். ஸ்ரீகுமார் என்றுமில்லாத வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தான்.

அம்பலத்தறையில் இன்ஸ்பெக்டர் அனூப் ஏறினார். ஏறியதும் நேரே வெள்ளைக்காரியிடம் டிக்கெட் கேட்டார். கொடுத்தாயிற்று என்று அவள் கார்டை ஆட்டிக் காட்டினாள். பின்னால் நின்ற பொன்னம்மை அதைப் பார்த்துவிட்டாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"சார், அவங்களுக்குத் தெரியல்ல. மெஷினை வெறுதே தொட்டுட்டுப் போய் இருந்திட்டாங்க. இப்பமே அடிச்சுத் தாரேன்."

"ஆயிக்கோட்டே," என்று தலையாட்டினார் அனூப், கையைக் கட்டிக்கொண்டு.

அடிக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அந்த மனுஷன். பொன்னம்மை கோவளத்தை அழுத்தினாள், வெள்ளைக்காரி கார்டைத் தொட்டாள், டிக்கெட் வந்தது. அனூப் அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஞான் கேறின பிறகு அடிச்ச டிக்கெட். நேரம் இதில உண்டு. இனி எந்தா பறையான் உள்ளது?"

தப்பு என்னுடையது என்று வெள்ளைக்காரி ஆங்கிலத்தில் மன்றாடினாள். "நோ பிராப்ளம் மேடம், வெல்கம்" என்று அவளிடம் மட்டும் சிரித்தார். பொன்னம்மையின் பெயரையும் நம்பரையும் புகார்த் தாளில் எழுதிக்கொண்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போனார்.

கோவளத்தில் வண்டி நின்றதும் ஸ்ரீகுமார் இரண்டு டீ வாங்கி வந்தான்.

"குமாரு, எதிர்த்த வண்டிக்காரன் ஒண்ணும் காட்டலியா?"

"காட்டினான்."

"பின்னே ஏன்டே ஒரு வார்த்த சொல்லல்ல?"

அவன் டீயை ஊதினான். அவளை நேராகவே பார்த்தான்.

"ரேஷ்மிக்கு ரெண்டு பிள்ளைகளாக்கும் அக்கா. ஒங்களுக்கு ஆரும் இல்லல்லோ."

குரலில் கோபமோ கூச்சமோ ஒன்றும் இல்லை. ஆறுவதற்குள் குடிக்கச் சொல்லிவிட்டு, போய் ஸ்டியரிங்கைப் பிடித்தான் அந்தப் படுபாவி. ஹாரன் அடித்தான். பொன்னம்மை டீயைத் தரையில் கொட்டினாள். வண்டி நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். ஏறி, அவன் வண்டியை எடுப்பதற்காக இரண்டு தடவை மணி அடித்தாள்.